காசுக்கு உழைக்கும் மடக்குக் கத்தி: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சட்டைப்பையில் மடித்துப் போட்டுக்கொள்ள ஒரு நல்ல கத்தி வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் குழப்பம்தான். சந்தைக் கடையில் மலிவாகக் கிடைப்பது ஒரு மாங்காய் சீசன்கூடத் தாங்குவதில்லை. செல்போனில் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. எல்லாவற்றிலும் 'பிரீமியம் ஸ்டீல்', எல்லாவற்றுக்கும் நட்சத்திரம். எதைப் பார்த்து முடிவு செய்வது என்று பிடிபடவே எனக்கு நிறைய அலைச்சல் ஆனது. தோட்டத்துக்குப் போகிறவர்கள், நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறவர்கள், ஓசூர் சிப்காட்டில் பார்சல் பிரிக்கிறவர்கள், யாராக இருந்தாலும் முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்திக்குக் கொடுக்கும் காசு அலகின் இரும்புக்கும், அந்த இரும்பைச் சூடேற்றிக் குளிர வைத்துக் கொடுத்த பதத்துக்கும், மடங்கும் மூட்டுக்கும் போக வேண்டும். பிடியில் ஓவியம், உறையில் திசைகாட்டி, பின்பக்கம் டார்ச் லைட் இதற்கெல்லாம் போனால் அது வீண்செலவு.

1. எதை வெட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தினமும் அதிகமாக எதை வெட்டுகிறீர்களோ அதற்கு வாங்குங்கள். மற்றதற்கு அது ஒப்பேற்றிக்கொள்ளும்.

பழம், காய், வெற்றிலைப் பாக்கு, மதியச் சாப்பாட்டு வெங்காயம் என்றால் மெல்லிய அலகு போதும், துருப்பிடிக்காத இரும்பாக இருக்க வேண்டும். சாக்கு, கயிறு, சொட்டுநீர்க் குழாய், அட்டைப்பெட்டி என்றால் பூட்டு உள்ள கத்தியாகப் பாருங்கள். அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி விரலில் விழக்கூடாது. ரோஜாத் தோட்டத்தில் தண்டு வெட்டுவதற்குக் கத்தியைவிடக் கத்தரிதான் நல்லது, அதற்காகக் கத்தி தேட வேண்டாம்.

மா ஒட்டுக் கட்டுகிறவர்கள் தனி ரகம். சந்தூர் பக்கம் ஒட்டுக்கன்று வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, சாதாரண மடக்குக் கத்தியில் அந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்பதுதான். ஒட்டுக் கத்தியின் அலகு பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். அதனால்தான் ஒட்டுக்குச்சியை ஒரே இழுப்பில் சமமாகச் சீவ முடிகிறது. இரண்டு பக்கமும் சரிவுள்ள கத்தியில் சீவினால் வெட்டு குழிந்து போகும், ஒட்டு சேராது. இடது கைக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள்: கடையில் கிடைக்கும் ஒட்டுக் கத்திகள் அனேகமாக வலது கைக்குத் தீட்டியவை. இடது கைக்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

2. அளவும் பூட்டும்

அலகு 7 முதல் 9 சென்டிமீட்டர் இருந்தால் தினசரி வேலை எல்லாம் நடந்துவிடும். அதற்கு மேல் நீளமானால் பையில் குத்தும், எடை கூடும், பார்க்கிறவர்களுக்கும் உறுத்தும். அலகின் முதுகு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் போதும். தடித்த அலகு பலமானது என்று நினைத்து வாங்குகிறோம், ஆனால் மாங்காயில் இறக்கினால் அது வெட்டாது, பிளக்கும்.

பூட்டில் நான்கு வகை சாதாரணமாகக் கிடைக்கிறது. பூட்டே இல்லாமல் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்பது ஒரு வகை. பேனாக்கத்திகளும் சுவிஸ் கத்திகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். பழம் நறுக்க, நூல் அறுக்க இது தாராளமாகப் போதும், ஆனால் இதை வைத்துக் குத்தித் துளை போடக்கூடாது. இரண்டாவது, பிடியின் முதுகில் அழுத்தித் திறக்கும் பின்பூட்டு. உறுதியானது, வலது, இடது இரண்டு கைக்காரர்களுக்கும் ஒத்து வரும். பள்ளத்தில் மண் சேர்ந்தால் மட்டும் சரியாக விழாது, அதனால் அவ்வப்போது குச்சியால் சுத்தம் செய்ய வேண்டும். மூன்றாவது, பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியைத் தாங்கும் லைனர் பூட்டு. இன்று ஆன்லைனில் வரும் கத்திகளில் அதிகம் இதுதான். நான்காவது, கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பிப் பூட்டுவது. பிரெஞ்சு ஓப்பினெல் கத்திகளில் 6ஆம் எண்ணிலிருந்து இந்த வளையம் உண்டு. எளிமையானது, ரிப்பேர் வராது. ஆனால் பிடி மரம் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் உப்பிக்கொள்ளும், திறக்க நகம் வலிக்கும். காய வைத்தால் சரியாகிவிடும்.

பொத்தானைத் தட்டியதும் 'சடக்' என்று பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். வேலைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, போலீஸ் சோதனையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

3. இரும்பு

ஏமாற்று அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கத்தி இரும்பில் ஒரு வகை கார்பன் ஸ்டீல். சீக்கிரம் கூர் ஏறும், வீட்டில் இருக்கும் சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம், ஆனால் துருப்பிடிக்கும். நம் பக்கம் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாங்காய்ப் பாலும், புளியும், எலுமிச்சையும் பட்ட அலகை அப்படியே மடித்துப் பையில் போட்டால் மறுநாள் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கும், வெட்டிய மாங்காயிலும் இரும்பு வாடை அடிக்கும். அந்தக் கறுப்பினால் கத்திக்குக் கெடுதல் இல்லை. செம்மண் நிறத்தில் பொடியாக வரும் துருதான் அலகை அரிக்கும். வெட்டியதும் துடைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கார்பன் ஸ்டீல் அருமையான கத்தி. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள், மாந்தோப்பிலும் புளியிலும் வேலை செய்கிறவர்கள் அடுத்த வகைக்குப் போங்கள்.

அடுத்த வகை ஸ்டெயின்லெஸ். இதில்தான் தரம் மலைக்கும் மடுவுக்கும் மாறுகிறது. பெயர் தெரியாத கம்பெனியின் அலகில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் பொறித்து, எந்த இரும்பு என்று எண் போடாமல் இருந்தால் அது மெத்து இரும்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தீட்டினால் கூர் வரும், நான்கு சாக்கு அறுத்தால் போய்விடும்.

எண் போட்டிருந்தாலும் முழுதாகப் படிக்க வேண்டும். '440' என்று மட்டும் இருந்தால் போதாது. 440ஏ, 440பி, 440சி என்று மூன்று இருக்கிறது. கார்பன் அதிகமாக இருப்பது சி. அதுதான் கூர் நிற்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்: ஆன்லைன் விற்பனையாளர் ஒருவர் பக்கத்தில் 440சி என்று போட்டிருந்தார், வந்த அலகில் 440 மட்டும் இருந்தது. கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று பதில். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் பணம் திரும்பி வந்தது. நீங்களும் ஆர்டர் போடும் முன் விவரப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுத்தர விலையில் நம்பி வாங்கக்கூடிய இரும்பு என்றால் 12சி27, 14சி28என், 8சிஆர்13எம்ஓவி, 440சி இவற்றைத் தேடுங்கள். முதல் இரண்டும் ஸ்வீடன் இரும்பு. மெல்லிய கூர் பிடிக்கும், துருவுக்கும் நன்றாகத் தாங்கும். ஓப்பினெல்லின் துருப்பிடிக்காத கத்திகளில் இருப்பது 12சி27தான். டி2 என்று இன்னொன்று இப்போது நிறைய வருகிறது. கூர் ரொம்ப நாள் நிற்கும், உண்மைதான். ஆனால் அது முழு ஸ்டெயின்லெஸ் இல்லை, புளிப்பு பட்டால் புள்ளி விழும், மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் தீட்ட உயிர் போகும். வைரத் துகள் பூசிய கல் வாங்க வேண்டிவரும். முதல் கத்திக்கு டி2 வேண்டாம் என்பது என் கருத்து.

சுவிஸ் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் கம்பெனியின் கத்திகளைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: இரும்பு மெத்தென்று இருக்கிறது, அடிக்கடி தீட்ட வேண்டும் என்று. மெத்து என்பது சரிதான், வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். இரும்பின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 வாக்கில் இருக்கும். அதனால் அலகில் பல் விழாது, சில நிமிடம் கல்லில் இழுத்தால் கூர் திரும்பிவிடும். சாணை பிடிக்க ஆள் தேட முடியாத ஊர்களில் இது பெரிய வசதி.

இன்னும் இரண்டு பொறிகள். அலகு முழுக்க அலை அலையாக 'டமாஸ்கஸ்' கோலம் போட்டு மலிவாக விற்றால் அது இரும்பின் அடுக்கில் வந்த கோலம் இல்லை, மேலே லேசரில் போட்டது. கொஞ்ச நாளில் தேய்ந்து மறையும். கறுப்புப் பூச்சு அடித்த மலிவுக் கத்திகளும் அப்படித்தான், பூச்சுக்கு அடியில் என்ன இரும்பு என்று தெரியவிடாது.

பட்டறையில் அடித்து வாங்கலாமே என்று கேட்கலாம். லாரி கமான் பட்டையில் அடித்த அரிவாளும் கத்தியும் நன்றாகவே உழைக்கும். கொல்லர் பதம் கொடுத்த அலகை நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மடக்குக் கத்திக்கு மூட்டும் ஸ்பிரிங்கும் நுணுக்கமான வேலை. ஆட்டம் இல்லாமல் அமைவது கடினம். மடங்காத சிறு கத்திக்குப் பட்டறைக்குப் போங்கள், மடங்குவதற்கு வேண்டாம்.

4. எவ்வளவு ஒதுக்கலாம்

விலை ஏறி இறங்கும், அதனால் குத்துமதிப்பாகச் சொல்கிறேன். ₹150 முதல் ₹300 வரை சந்தையில் கிடைப்பவை தற்காலிகத் தேவைக்கு மட்டும். தொலைந்தால் கவலையில்லை என்கிற இடத்துக்கு. ₹600 முதல் ₹1,200 வரை உள்ள வட்டத்தில் இரும்பின் எண்ணைச் சரியாகப் போட்ட கத்திகள் கிடைக்க ஆரம்பிக்கும். நிதானமாகத் தேடினால் காசுக்கு அதிகம் கிடைப்பது இங்கேதான். ₹1,500 முதல் ₹3,500 வரை போக முடிந்தால் ஓப்பினெல் 8ஆம் எண், விக்டோரினாக்ஸின் எளிய மாடல்கள் வந்துவிடும். இவை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பிள்ளைகள் கைக்கும் போகும். அதற்கு மேல் கொடுப்பது ஆசைக்கு, வேலைக்கு இல்லை.

சுவிஸ் கத்தியில் கருவி எண்ணிக்கை கூடக் கூட விலையும் எடையும் கூடும். எனக்குத் தினமும் பயன்படுவது அலகு, கத்தரி, சின்ன ரம்பம். ரம்பம் விரல் தடிமன் கிளையைச் சுத்தமாக அறுத்துவிடும். பூதக்கண்ணாடியும் கொக்கியும் வேண்டுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கத்தி விலையோடு ஒரு தீட்டுகல்லின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இரண்டு பக்கக் கல் ₹300, ₹500க்கே கிடைக்கும். இரண்டாயிரம் ரூபாய்க் கத்தியைக் கல் இல்லாமல் வைத்திருப்பதைவிட, எண்ணூறு ரூபாய்க் கத்தியும் ஒரு கல்லும் மேல்.

5. எங்கே, எப்போது வாங்குவது

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் இரும்புச் சாமான் கடை போடுகிறவர்களிடம் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம், விலை பேசலாம். பில் கிடைக்காது, திரும்பக் கொடுக்க முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலும் விவசாயக் கருவிக் கடைகளிலும் பில் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் மடக்குக் கத்தியில் ரகம் குறைவு. பெரிய கம்பெனிக் கத்திக்குப் பெங்களூரோ ஆன்லைனோதான்.

வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிகிறதே என்று நேரடியாக வரவழைக்க வேண்டாம். கஸ்டம்ஸில் நிற்கும், ஆதார் மாதிரி அடையாள ஆவணம் கேட்பார்கள், வரி தனி, கத்தி என்பதால் பிடித்து வைத்துக்கொண்டாலும் கேட்க முடியாது. கடைசியில் இங்கே வாங்கியிருந்தால் ஆகும் விலையைத் தாண்டிவிடும்.

மாங்காய்க்காக வாங்குகிறவர்கள் பங்குனிக்குள் வாங்கிவிடுங்கள். அறுவடை தொடங்கும்போது கத்தி கைக்குப் பழகியிருக்க வேண்டும். ஒட்டு வேலைக்கு என்றால் வைகாசிக்குள். அவசரம் இல்லை என்றால் தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் தள்ளுபடி வரை பொறுங்கள். அப்போதும் பழைய விலையைக் குறித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

6. கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை

"அண்ணா, திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அலகைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும், அப்புறம் பக்கவாட்டிலும் மெதுவாக ஆட்டுங்கள். பூட்டிய நிலையில் ஆட்டம் தெரியக்கூடாது. பக்க ஆட்டம் லேசாக இருந்து மூட்டில் திருகாணி இருந்தால் முடுக்கிச் சரி செய்யலாம். ரிவெட் அடித்ததாக இருந்தால் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள்.

லைனர் பூட்டு என்றால் உள்ளே பாருங்கள். தகடு அலகின் அடிப்பாகத்தில் கால்வாசியாவது ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் வழுக்கும். முழுவதும் மறுபக்கம் போய் இடித்து நின்றாலும் சரியில்லை, புதிதிலேயே தேய்மானத்துக்கு இடமில்லை என்று அர்த்தம். பிறகு, மடங்கும் பாதையில் விரல் இல்லாமல் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசையில் அழுத்திப் பாருங்கள். தட்ட வேண்டாம், அழுத்தினால் போதும். பூட்டு விட்டுக் கொடுத்தால் வேண்டாம்.

மடித்த நிலையில் அலகு பிடியின் நடுவில் படுக்கிறதா, ஒரு பக்கத் தகட்டை உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் ஒவ்வொரு தடவை மூடும்போதும் கூர் போகும். மூடிய கத்தியைத் தலைகீழாக உதறினால் அலகு வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. இது பையில் வைத்துக்கொள்கிற பொருள்.

கடைசியாகக் கூர். கடையின் டியூப் லைட்டுக்கு நேராகக் கூர் முனையை உங்களைப் பார்த்தபடி பிடித்து லேசாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கூரான இடம் கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். அடியிலிருந்து நுனிவரை அப்படி ஒரு கோடும் இல்லாவிட்டால் தீட்டியவர் வேலை தெரிந்தவர். பொக்கை விழுந்திருந்தால் அங்கே புள்ளி புள்ளியாகத் தெரியும். விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தைவிட இது பாதுகாப்பு, சரியாகவும் இருக்கும்.

7. பில், பெட்டி, திரும்ப அனுப்பும் நாள்

பில்லில் மாடல் பெயர் இருக்க வேண்டும்; வெறுமனே 'கத்தி 1' என்று எழுதினால் வாரன்டிக்கு உதவாது. விக்டோரினாக்ஸ் மாதிரி நிறுவனங்கள் இரும்பிலும் செய்முறையிலும் உள்ள குறைக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் தருகிறார்கள், தேய்மானத்துக்கும் தவறான உபயோகத்துக்கும் இல்லை. பில்லைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், கடைப் பில் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

போலியைக் கண்டுபிடிக்கவும் பெட்டிதான் உதவும். முறையாக இறக்குமதி ஆன கத்தியின் பெட்டியில் எம்.ஆர்.பி., இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது என்கிற ஸ்டிக்கர் கட்டாயம் இருக்கும். சிவப்புப் பிடியும் சிலுவைச் சின்னமும் மட்டும் இருந்து ஸ்டிக்கர் இல்லை, அலகின் அடியில் கம்பெனி பெயரும் பொறிக்கவில்லை என்றால் அது நகல்.

ஆன்லைன் பார்சலைப் பிரிக்கும்போது ஒரே மூச்சாக வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி. வந்த அன்றே மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். திரும்ப அனுப்பும் காலம் பெரும்பாலும் ஏழு அல்லது பத்து நாள்தான். சிலர் மாற்றித்தான் தருவார்கள், பணம் தரமாட்டார்கள். வாங்கும் முன்பே அந்த வரியைப் படிக்க வேண்டும். மாங்காய் வெட்டிக் கறை படிந்த பிறகு யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள், அதனால் முதலில் தாளிலும் அட்டையிலும் வெட்டிப் பாருங்கள். விற்றவர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம். பில், ஸ்கிரீன்ஷாட், வீடியோ மூன்றும் கையில் இருக்கட்டும்.

8. எங்கே கொண்டு போகலாம், எங்கே கூடாது

ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை அதில் சேராது. நாம் பேசும் கத்தி இதற்கு வெகு கீழே. ஆனால் சிறிய கத்திதானே என்று எங்கும் கொண்டு போய்விட முடியாது. கோர்ட், கலெக்டர் ஆபீஸ், திருவிழாக் கூட்டம், தேர்தல் கூட்டம் இங்கெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஓசூரிலிருந்து பொம்மசந்திரா போய் பெங்களூர் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஏறுகிறவர்கள் கவனம்: பை ஸ்கேன் ஆகும், கத்தியோடு உள்ளே விடமாட்டார்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தியை மறந்து எடுத்துப் போய் சோதனையில் பறிகொடுக்கிறவர்கள் நிறையப் பேர்.

9. தீட்டுவதும் எண்ணெயும்

தெருவில் வரும் சாணை வண்டியில் மடக்குக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். அரிவாளுக்கும் காய்கறிக் கத்திக்கும் அது சரி. மெல்லிய அலகு அந்தச் சக்கரத்தில் சூடேறினால் பதம் போய்விடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. கல்லை நனைத்து, அலகைக் கல்லின் மேல் தாழ்வாக, 15லிருந்து 20 டிகிரிக்குள் சாய்த்து இழுங்கள். எதிர்ப்பக்கம் நகத்தில் தட்டுப்படும் பிசிறு வந்ததும் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக இழுத்தால் பிசிறு உதிரும். தினமும் வெட்டுகிறவர்களுக்கு வாரம் ஒரு முறை போதும். முழுசாக மழுங்கவிட்டுத் தீட்டினால் அரை நாள் போகும்.

மாங்காய்ப் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டால் சுரண்டாதீர்கள், கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள், வந்துவிடும். ஒட்டு வேலை செய்கிறவர்கள் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் அலகை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் கத்தியிலேயே பயணம் செய்யும். மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பழம் வெட்டும் அலகுக்கு மட்டும் அதைப் பூசாமல், மெடிக்கலில் லிக்விட் பாராஃபின் கேட்டு வாங்குங்கள். நல்லெண்ணெய் பூசினால் சில வாரத்தில் பிசுபிசுத்து மூட்டில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கத்தி திறக்க மறுக்கும்.